யார் வைத்த புள்ளிகள்

எங்கள் மன்றத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. ஊர்தான் பெயர். கொரட்டூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று அவரவர் இறங்குகிற ஸ்டேஷனைப் போட்டுக்கொண்டு எழுதுவார்கள். ஒரே ஊரில் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால், பின்னால் வந்தவர் தெருவையும் ஒட்டிக்கொள்ள வேண்டும். நான் அம்பத்தூர்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் போட்டவன். எனக்குக் கண்ணாடிக் கூண்டுதான் கல்லூரி. அதற்குள் நின்று ஜனங்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, காசு கொடுத்தாலும் கிடைக்காது. "பாதி காதுல உழுந்தது, மீதி வாயில வளந்துது" என்று ஒரு பூக்கார அம்மா போனில் யாரையோ வெளுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பில் மெஷினைப் பார்க்கவே மறந்துபோனேன்.

பூத்தின் ஒரு பாதியைத் தடுத்து இரண்டு கம்ப்யூட்டர் போட்டு, பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டினேன். பூந்தமல்லியில் பிறந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போன ஒருவர் எனக்குப் பழைய வாடிக்கை. பாய் என்றுதான் கூப்பிடுவேன். அங்கே தனியாக இருந்து ஊர்ப்பேச்சுக்கு ஏங்கி, அவரே இணையத்தில் ஒரு மன்றம் கட்டினார். அவரவர் ஊரில் கேட்ட சொலவடையை அங்கே எழுத வேண்டும். மற்றவர்கள் கீழே பதில் எழுதுவார்கள். தமிழைத்தான் எழுதினோம், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் தட்டினோம். அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை.

மன்றத்துக்கு மூன்று மாடரேட்டர்கள். பாய் ஒருவர். கொரட்டூர்க்காரர் ஒருவர்; அரசாங்க ஆபீஸில் சூப்பரிண்டெண்டாக இருந்தவர், விதிமுறை முழுவதும் அவர் எழுதியது. மூன்றாவது நான். "உன் கடைல எப்பவும் லைன் இருக்கும் நைனா, அதான் தகுதி" என்றார் பாய். ஆவடிக்காரர் எங்களுக்கு வைத்த பெயர் நாட்டாமைங்க.

யார் எழுதியதையும் திருத்த எங்கள் மூவருக்கும் சாவி இருந்தது. எழுதியவரும் தன்னுடையதைத் திருத்திக்கொள்ளலாம். எவர் தொட்டாலும் பதிவுக்குக் கீழே 'திருத்தப்பட்டது' என்று சின்னதாக ஒரு வரி வரும். தொட்டது யார் என்று வராது. அது தற்செயல் இல்லை. கொரட்டூர்க்காரர் கேட்டு வாங்கிய வசதி. "யார் வெட்டினான்னு தெரிஞ்சா அவன்மேல வன்மம் வெப்பாங்க சார். வெட்டினவன் வாயைத் திறக்கவே கூடாது. வெட்டின வார்த்தையை யாரும் திருப்பிச் சொல்லவும் கூடாது." நாங்கள் மூவரும் எங்களுக்குள்ளேகூட அதைக் கேட்டுக்கொள்வதில்லை என்று ஏற்பாடு. அப்போது அது கௌரவமான ஏற்பாடாகத்தான் பட்டது.

திருநின்றவூர் அம்மா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். வேலை முடிந்து ரயிலுக்குப் போகிற வழியில் என் கடைக்கு வந்து, ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு எழுதுவார். அவர் எழுதினால் மன்றம் கலகலக்கும். மாமியார் சொன்னது, லெவல் கிராசிங்கில் கேட்டது, ஏரிக்கரையில் துணி துவைக்கிறவர்கள் ஏசியது என்று வந்து விழும். அதற்கு முதல் பதில் எப்போதும் ஆவடிக்காரர்தான். டாங்கி தொழிற்சாலையில் ஃபிட்டர். வாய் முழுக்கக் கிண்டல். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றத்து ஆட்கள் சிலர் என் கடையில் டீக்குக் கூடுவார்கள். ஆவடிக்காரர் மாதா கோயில் பூசை முடித்து நேராக வருவார். ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு நகர முடியாது என்று அம்மா வந்ததில்லை.

ஒருமுறை அந்த அம்மா கொஞ்ச நாள் காணாமல் போனார். ஆவடிக்காரர் மன்றத்தில், "இன்னாம்மா தங்கச்சி, ரயிலு உன்னிய மட்டும் வுட்டுட்டு போயிடுச்சா?" என்று கேட்டு எழுதினார். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா வந்து, எதையோ தட்டிவிட்டு அவசரமாக ரயிலுக்கு ஓடினார். நான் பூத்தில் வேலையாக இருந்தேன், படிக்கவில்லை. மறுநாள் காலை கடையைத் திறந்து மன்றத்தைப் பார்த்தால், அவர் பதிவு இப்படி இருந்தது:

"ஆவடி அண்ணா, உங்களப் பாத்துதான் எழுதறேன். ........................................................................ அதுக்கு மேல சொல்ல என்ன இருக்கு?"

கீழே, திருத்தப்பட்டது.

அதற்குக் கீழே தீ பிடித்திருந்தது. அப்படி என்ன எழுதியிருப்பார் என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தார்கள். கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கும் என்றார் ஒருவர். எழுதிவிட்டுப் பயந்து தானே அழித்திருக்கிறார் என்றார் இன்னொருவர். "இவ்ளோ நீளத்துக்குப் புள்ளின்னா எவ்ளோ நீளத்துக்குத் திட்டு!" என்று அளந்தே காட்டினார் பட்டாபிராம்காரர். ஆவடிக்காரர் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பதிவும் பதில்களும் சேர்ந்த இழை பூட்டப்பட்டது. சண்டை வந்தால் பூட்டு என்பதும் ஒரு விதி. இனி அம்மா உட்பட யாரும் அதில் ஒரு வரி எழுத முடியாது.

திங்கட்கிழமை மாலை அம்மா வந்து திரையைப் பார்த்தார். கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

"அண்ணா, இத நான் எழுதல."

"இது உங்க பேர்லதான் இருக்கு."

"புள்ளி நான் வெக்கல. நான் எழுதினது வேற."

இங்கேதான் எனக்கு முதல் சந்தேகம். புள்ளி வைக்கவில்லை என்கிறாரா, திட்டு எழுதவில்லை என்கிறாரா? என்னதான் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டு விஷயம்தான். தண்ணி மோட்டார் ரிப்பேர், அத்தைக்குக் காய்ச்சல், அதான் வரல. அப்புறம் ஒரு பழமொழி."

"எந்தப் பழமொழி?"

"நொண்டிக் குதிரைக்கு சறுக்கினது சாக்குன்னு சொல்வாங்களே, அது."

ஆவடிக்காரருக்குச் சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போனது. இழுத்து இழுத்துத்தான் நடப்பார். அதை இவர் அறியாமலா எழுதினார்? நேரில் பார்த்ததில்லைதான். ஆனால் மன்றத்தில் யாராவது சொல்லியிருக்க மாட்டார்களா? நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

"அவருக்குக் கால் ஊனம்மா."

அந்த முகம் வெளுத்ததை இன்றைக்கும் சொல்ல முடியும். தெரியாமல் எழுதியவர் முகமும் அப்படித்தான் வெளுக்கும், தெரிந்து எழுதி மாட்டிக்கொண்டவர் முகமும் அப்படித்தான் வெளுக்கும். முகத்தை நம்பி நியாயம் சொல்ல நான் என்ன கடவுளா?

"என்னைச் சொல்லிக்கிட்டேன் அண்ணா. நான் வராததுக்கு சாக்கு சொல்றேன் இல்ல, அந்தக் குதிரை நான்தான். மேல மோட்டாரும் காய்ச்சலும் இருந்தா படிக்கிறவங்களுக்கு அது புரிஞ்சிருக்கும். இப்ப எதுவுமே இல்லையே."

பிறகு குனிந்து பையை எடுத்துக்கொண்டு, மெல்லச் சொன்னார். பட்டாபிராம்காரரும் இவர் கணவரும் ஒரே ஆபீஸ். விஷயம் சனிக்கிழமையே போய்விட்டது. "உங்க ஊட்டம்மா ஒரு பெரிய மனுஷர அசிங்கமா எழுதிட்டாங்களாமே" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டிருக்கிறார். கணவர் கத்தவில்லையாம். ஒன்றே ஒன்று சொன்னாராம்: "தப்பு இல்லேன்னா மன்றத்துக்காரங்களே சொல்வாங்க. உன்னை நீக்கிட்டாங்கன்னா நீ எழுதினதாத்தான் அர்த்தம். அப்புறம் அந்தக் கடைப் பக்கம் போற வேலை வேணாம்."

"எனக்குன்னு இருக்கிறது இந்த அரைமணி நேரம்தான் அண்ணா," என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

தனிமனிதத் தாக்குதலுக்கு எச்சரிக்கை கிடையாது, நேரே நீக்கம். முடிவை மூன்று மாடரேட்டர்களும் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்க வேண்டும் என்று பாய் எழுதிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் ஆட்களை வேறு கண்ணால் பார்த்தேன். அந்த அம்மா எழுந்து ஓடியதும் ஓரத்து நாற்காலியில் யார் உட்கார்ந்தது? மன்றக் கணக்கை மூடாமல் போயிருந்தால், அடுத்து வந்தவன் அவர் பெயரிலேயே எதையும் மாற்றியிருக்கலாமே. டைப்பிங் இன்ஸ்டிடியூட் மாஸ்டர் உட்கார்ந்ததாக ஞாபகம். அவர் மறுபடி வந்தபோது வேண்டுமென்றே பக்கத்தில் நின்றேன். "இன்னா சார், தலமேல நின்னு காவல் காக்கிறீங்க?" என்று சிரித்தார். கல்யாணத் தகவல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் பாவம், நான் நின்றதில் கூசிப்போனார்.

என்னையும் சந்தேகப்பட்டார்கள். ஏன் மாட்டார்கள்? "உன் கடை, உன் கம்ப்யூட்டர், உன் கையில சாவி. பூனைக்குட்டிய மடியில வெச்சிக்கினு பால் எங்கன்னு கேக்கிற" என்றார் ஒரு வாடிக்கை. கோபம் வந்தது. ஆனால் சொலவடை நன்றாக இருந்ததால் மனதில் குறித்துக்கொண்டேன்.

பாய்க்கு என் பூத்திலிருந்தே போன் போட்டேன்.

"பாய், விதி தெரியும். இருந்தாலும் கேக்கிறேன். அந்தப் புள்ளி நீங்களா?"

"கேக்கக்கூடாதுன்னு தெரிஞ்சும் கேக்கிற பாரு. நானில்ல நைனா. இழையப் பூட்டினது நான். நான் வெட்டினா நட்சத்திரம்தான் போடுவேன், புள்ளி போட மாட்டேன். நீதானோன்னு நெனச்சேன்."

"நான் எதையும் வெட்டவே மாட்டேனே. எழுதினவருக்குக் கடிதம் போட்டு அவரையே மாத்தச் சொல்வேன்."

"அப்ப கொரட்டூரு."

"அவர்தான் அந்த அம்மாவ நீக்கணும்னு முதல் ஓட்டுப் போட்டிருக்காரு பாய். காரணம்னு எழுதியிருக்காரு பாருங்க: 'புள்ளிகளின் நீளத்தைப் பார்த்தாலே வசையின் தரம் தெரிகிறது.' அவரே வெட்டியிருந்தா உள்ள இருந்தது வசையில்லன்னு அவருக்குத் தெரியாதா?"

"அதானே," என்றார் பாய். இருவரும் மற்றவரை நம்பாமல்தான் போனை வைத்தோம் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கொரட்டூர்க்காரர் முதலில் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. கூட்டம் சேரும்வரை சும்மா இருப்பானேன் என்று, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அன்றைய பதிவுகளைப் பார்க்க ஆரம்பித்தார். நான் பின்னால் டீ கிளாஸோடு நின்றேன். யாரோ ஒரு புதியவர் சாதிப் பெயர் வருகிற சொலவடை ஒன்று போட்டிருந்தார். ச்சூ கொட்டினார் கொரட்டூர்க்காரர். அந்த ஒரு வார்த்தையை எடுத்தால் போதும். அவர் அந்த வாக்கியத்தையே எடுத்தார். எடுத்த இடத்தில் புள்ளி விசையை அழுத்திப் பிடித்தார். வரி முடிகிறவரை விரலை எடுக்கவில்லை. நீளமாகப் புள்ளி ஓடியது. அதற்கு முன்னால் அந்தப் புதியவர் தன் தம்பி மனைவிக்குப் பிரசவம் என்று எழுதியிருந்தார். சொந்த விஷயம் எழுதக்கூடாது என்பதும் அவருடைய விதிதானே. அதையும் எடுத்தார். அங்கே புள்ளிகூட வைக்கவில்லை. ஒன்றுமே இருந்ததில்லை என்பது போல வழித்துவிட்டார்.

"சார், எதுக்கு அத்தனை புள்ளி?" என்றேன்.

"ஒரு வார்த்தைக்கு அளவாப் புள்ளி வெச்சா எழுத்த எண்ணிக் கண்டுபிடிச்சிடுவாங்க. வரி முழுக்க வெச்சா யாராலயும் முடியாது." பெருமையாகச் சொன்னார்.

"முந்தின வாரத்து வெள்ளிக்கிழமை சாயங்காலமும் இப்படி வெச்சீங்களா?"

"சார், கேக்கக்கூடாது."

"திருநின்றவூர் அம்மாவுது உங்க கையா?"

திரும்பி என்னை முறைத்தார். "நான் நீக்கச் சொல்லி ஓட்டுப் போட்டிருக்கேன். என் கைவேலைக்கு நானே தண்டனை குடுப்பேனா?"

நம்பும்படியாகத்தான் இருந்தது. அவர் பொய் சொல்கிற ஆளும் இல்லை. அதற்குள் காலை இழுக்கிற சத்தம் கேட்டு ஆவடிக்காரர் உள்ளே வந்தார். வந்ததும் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா நாட்டாமைங்களா, தீர்ப்பு ரெடியா? அந்தத் தங்கச்சி என்னிய இன்னான்னுதான் வஞ்சுது? வஞ்சத சொல்லிட்டு அப்பால தூக்குங்கோ. இன்னான்னே தெரியாம வீட்ல குந்திகினு, அதுவா இருக்குமோ இதுவா இருக்குமோன்னு நானே என்னிய எல்லா வார்த்தையிலயும் வஞ்சிகினு கீறேன்யா. அது வஞ்சிருந்தா ஒரு வார்த்தையோட போயிருக்கும்."

கொரட்டூர்க்காரர் விதியைச் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். விதியாவது ஒன்றாவது. வெட்டின வார்த்தையை அப்படியே சொன்னேன். "நொண்டிக் குதிரைக்கு சறுக்கினது சாக்குன்னு எழுதினாங்களாம். தன்னைச் சொல்லிக்கிட்டாங்களாம். வீட்ல தண்ணி மோட்டார் ரிப்பேர், அத்தைக்குக் காய்ச்சல், அதனால வரலன்னு."

ஆவடிக்காரர் முகம் மாறவில்லை. மாறியது கொரட்டூர்க்காரர் முகம்தான்.

"மோட்டார்?" என்றார். "தண்ணி மோட்டாரா?" கண்ணாடியைக் கழற்றினார். "ஆமா. மோட்டார்னு ஒண்ணு எடுத்தேன். சொந்த விஷயம்னு எடுத்தேன். காய்ச்சலும் இருந்துது. அது அந்த அம்மாவா?"

"அப்புறம் குதிரை?"

"இப்பத்தான் ஞாபகம் வருது. நொண்டின்னு வந்துது. உடல் ஊனம் பத்தின சொல் கூடாது. அதுவும் இவருக்கு எழுதின பதிவுல..." ஆவடிக்காரரைப் பார்க்காமல் சொன்னார். "இவர் மனசு புண்படும்னுதான் எடுத்தேன். தெனம் இருபது முப்பது பார்க்கிறேன், எடுத்ததை மனசுல வெச்சிக்கிறதில்ல. அடுத்த நாள் காலையில பார்த்தா ஒரே கலவரம். புள்ளியப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தோணிச்சு."

தான் வைத்த புள்ளியைத் தானே படித்து, ஊரோடு சேர்ந்து அதில் வசையை நிரப்பிக்கொண்டிருக்கிறார் மனிதர்.

ஆவடிக்காரர் தன் முழங்காலில் தட்டிச் சொன்னார். "சாரு, கால் நொண்டிதான்யா. நீ புள்ளி வெச்சா நேராயிடுமா? சர்ச்சுல ஃபாதரு பைபிள்ல நொண்டி நடந்தான்னு வாசிக்கிறாரு, நான் எந்திரிச்சா பூடறேன்? அந்தத் தங்கச்சி எழுதினத அப்பிடியே திரும்பப் போடு. குதிரையோட போடு."

"விதிப்படி ஊனச் சொல்..."

"விதிய நீ எழுதின. கால் என்னுது."

பாய்க்குப் போன் போட்டோம். திருப்பிப் போடலாம் என்பது இரண்டு ஓட்டு, கூடாது என்பது ஒன்று. பாய் இழையின் பூட்டையும் திறந்துவிட்டார். கொரட்டூர்க்காரர் கடைசிவரை விதியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் நீக்க வேண்டும் என்ற ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று என்னைக் கேட்டார். "புள்ளி என்னுதுன்னு மன்றத்திலேயே எழுதுங்க சார்" என்றேன். எழுதினார், இரண்டு விரலால், முப்பது வருஷத்து ஆபீஸ் தமிழில். 'மேற்படி திருத்தம் என்னால் செய்யப்பட்டது' என்று.

மறுநாளே அம்மா வந்து தான் எழுதியதை ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல, நான் பழைய இடத்தில் தட்டினேன். மோட்டார் வந்தது, காய்ச்சல் வந்தது, குதிரை வந்தது. விசையைத் தட்டியதும், பதிவுக்குக் கீழே மறுபடி அந்த வரி முளைத்தது. திருத்தப்பட்டது, புதுத் தேதியோடு.

விட்டார்களா? ஒரு மணி நேரம் ஆகவில்லை. "இப்ப நல்ல பிள்ளையா மாத்திட்டாங்க" என்று ஒருவர். "நாட்டாமைங்க காப்பாத்தி விட்டாங்க, கொரட்டூர் சார் பழிய ஏத்துக்கிட்டாரு, பெரிய மனசு" என்று இன்னொருவர். பட்டாபிராம்காரர் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அவர் ஆபீஸில் சொல்லிக்கொள்வார் என்று தெரியும். ஆவடிக்காரர் கீழே எழுதினார்: "நான் கொரட்டூர் சாரு மூஞ்சிய நேர்ல பாத்தவன். நம்புறவன் நம்பு, நம்பாதவன் ஆவடிக்கு வந்து என்னாண்ட கேளு." அதற்கும் ஒருவர், இதை ஆவடிக்காரர்தான் எழுதினாரா என்று கேட்டிருந்தார்.

அதற்குப் பிறகு சில நாள் அந்த அம்மா வரவில்லை. அந்த வாரம் முடியும்போது வந்தார். கூடவே கணவரும் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். அம்மா ஓரத்து நாற்காலியில் உட்கார, அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா ஒவ்வொரு வரியாகத் தட்டினார். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். மாமியார் சொன்ன ஏதோ ஒன்று. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பதிவு போனது.

கணவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், இத இனிமே வேற யாரும் தொட முடியாது இல்ல?"

"மூணு பேரால முடியும்."

"யார் யாரு?"

வெளியாட்களிடம் இதைச் சொல்கிற வழக்கமில்லை. சொன்னேன். "சிங்கப்பூர்ல ஒருத்தர். கொரட்டூர் சார். அப்புறம் நான்."

அவர் மனைவியின் கையிலிருந்து மவுஸை வாங்கி, பக்கத்தை இன்னொரு தரம் வரவழைத்து, எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.